பருத்திக்கொட்டையும் ஒரு டம்ளர் பச்சைப் பாலும்

செட்டிநாடு பற்றி இந்தத் தளத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, "முதல்முதலில் காரைக்குடிக்கு எப்போது போனீர்கள், எதைப் பார்க்கப் போனீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நாலு மாதமாகப் பதில் எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். நான் முதலில் போனது பெரிய வீடுகளையோ கோயில்களையோ பார்க்க அல்ல. அரை ஏக்கர் பருத்தியைப் பிடுங்கி எரித்துவிட்டு வருவதற்காகப் போனேன். 1999, பிப்ரவரி கடைசி வாரம். எனக்கு இருபத்துநாலு வயது.

அப்போது கோயம்புத்தூரில் ஒரு விதை நிறுவனத்தில் தற்காலிகக் கள உதவியாளராக இருந்தேன். விவசாயப் பட்டம் வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய பருத்தியை அந்த நிறுவனம் சில ஊர்களில் விவசாயிகளின் நிலத்திலேயே பயிரிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தது. காய்ப்புழு அந்தச் செடியைக் கடித்தால் செத்துவிடும். நேர்முகத் தேர்வில் மேலாளர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இன்னைக்குப் பருத்தி. நாளைக்குக் கத்தரி, நெல்லு. இத்தனை ஜனத்துக்குச் சோறு போட வேற வழி இல்லம்மா." நான் நம்பினேன். ஏமாந்து நம்பவில்லை. பூச்சிமருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த சித்தப்பாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

சோதனைப் பயிருக்கு விதிமுறை உண்டு. கடைசிப் பருத்தி எடுத்து முடிந்ததும் அத்தனையையும் எடை போட்டு, மூட்டை கட்டி, முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். செடிகளை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். சோதனைகள் எல்லாம் முடிந்து அனுமதி வரும்வரை அதன் கொட்டை மனிதர் வாய்க்கும் போகக்கூடாது, மாட்டு வாய்க்கும் போகக்கூடாது. விதிமுறைத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. வழக்கமாக இந்த வேலைக்குப் போகிறவர் வேலையை விட்டுவிட்டதால் என்னை அனுப்பினார்கள்.

காலை 5.30க்குக் கோயம்புத்தூரில் பஸ் ஏறினேன். மதுரை ஏறத்தாழ 210 கிலோமீட்டர், டிக்கெட் 52 ரூபாய். பதினொன்றரைக்கு இறங்கி, டவுன் பஸ் பிடித்து இன்னொரு பஸ் நிலையம் போய், தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு (8 ரூபாய், தயிர் புளித்திருந்தது) 12.45க்குக் காரைக்குடி பஸ்ஸில் உட்கார்ந்தேன். 85 கிலோமீட்டர், 21 ரூபாய். மேலூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வெறும் செம்மண். அந்த வருடம் அந்தப் பக்கம் மழை சரியாகப் பெய்யவில்லை. கண்மாய்களில் தண்ணீர் இல்லை, ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. திருப்பத்தூரில் பத்து நிமிடம் நின்ற பஸ்ஸில் வைக்கோல் கட்டு ஒன்றை ஏற்ற ஒருவர் முயன்றார். "வைக்கலுக்கு டிக்கெட் கேட்டா மூஞ்சியத் தூக்குறீக, எறக்குங்க" என்றார் கண்டக்டர். "வைக்கல் வெல தெரியுமா ஒங்களுக்கு? எனக்கு வேணா டிக்கெட் போடாதீக, இதுக்குப் போடுங்க" என்று வைக்கோல்காரர் சொன்னதும் பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். தீவனம் அந்த வருடம் என்ன விலை விற்றது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று பத்துக்குக் காரைக்குடி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாட்ஜ், ஒரு நாளைக்கு 90 ரூபாய். தனியாக வந்த பெண்ணுக்கு அறை கொடுக்க யோசித்தார்கள். நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டியதும் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் மானகிரி. எட்டு கிலோமீட்டர், இரண்டு ரூபாய், இருபது நிமிடம். அங்கிருந்து இரண்டரை கிலோமீட்டர் உள்ளே நடக்க வேண்டும். சைக்கிளில் வந்த ஒருவரிடம் அந்தோணிசாமி வீட்டைக் கேட்டேன். "கோயிலத் தாண்டி அங்குட்டுப் போங்க. புழு இல்லாத பருத்தி போட்டிருக்காருல்ல, அவருதான?" என்றார். அவர் கோயில் என்றது மாதா கோயிலை. அந்தச் சிற்றூரில் பாதிப் பேர் கத்தோலிக்கர்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

அந்தோணிசாமிக்கு ஐம்பது வயது இருக்கும். கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். அதில் அரை ஏக்கர்தான் எங்கள் சோதனைத் திடல். என்னைப் பார்த்ததும் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அவருக்கு ஒரே பெருமை.

"மத்த வருசம் பதினஞ்சு தடவ மருந்தடிப்பேன் மேடம். கண்ணெல்லாம் எரியும், ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. இந்தத் தடவ மூணே தடவ. அதும் சாறு உறிஞ்சுற பூச்சிக்கு. காய்ல ஒரு ஓட்ட பாக்க முடியாது."

உண்மைதான். எடுத்து முடித்த செடியிலும் காய் ஓடுகள் சுத்தமாக இருந்தன. செடி சொன்னபடி வேலை செய்தது. அதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவதில் செடியின் மேல் குற்றம் இல்லை.

செடி பிடுங்க ஆள் இரண்டு பேரை அவரே ஏற்பாடு செய்திருந்தார். அவர்கள் வேலையைத் தொடங்க, நான் வீட்டுக்கு வந்து மூட்டைகளை எடை போட்டேன். முதல் இரண்டு எடுப்பும் சரியாக இருந்தன. மூன்றாவது எடுப்பில் ஒரு மூட்டை குறைந்தது. அந்தோணிசாமியின் மனைவி செசிலியிடம் கேட்டேன். ஒளிவுமறைவே இல்லாமல் சொன்னார்.

"அது உதிரிப் பருத்திம்மா. பஞ்சப் பிச்சுத் தலகாணிக்கு வச்சிருக்கேன். கொட்டைய ஊறவச்சு ஆட்டி மாட்டுக்குக் குடுத்தேன். வைக்கலு இல்ல, புல்லு இல்ல, வேற எதத்தான் வைக்கிறது? குடுத்த ரெண்டாம் நாளே பால் கூடிருச்சு."

ஒரு கறவை மாடு. காலையும் மாலையும் பால் சொசைட்டிக்கு ஊற்றித்தான் அந்த வீட்டில் அரிசி வாங்கினார்கள். என் கோப்பின் அட்டையில் 'உணவுப் பாதுகாப்பு' என்று அச்சடித்திருந்தது. அந்த வீட்டில் அதற்குப் பெயர் மாடு.

 மானகிரிக்கு நடந்து போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேலாளரைக் கூப்பிட்டேன்.  "மிச்சக் கொட்டையை வாங்கி மூட்டையில போடுங்க. கொஞ்ச நாளைக்குப் பாலை யாருக்கும் கொடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. காரணம் கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க. ஜீன், கீன்னு வாயைத் திறந்தீங்கன்னா அதோட உங்க வேலை போச்சு" என்றார். 34 ரூபாய் பில் வந்தது.

வெயிலில் திரும்பி நடந்தேன். அந்தோணிசாமியும் வீட்டுக்கு வந்திருந்தார். கொட்டையையும் பாலையும் பற்றி மேலாளர் சொல்லச் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். செசிலியின் முகம் மாறிவிட்டது.

"ஏன்? வாய்ல வைக்கக் கூடாததுன்னா வெதைக்கையிலயே சொல்லியிருக்கணும்ல?"

"சொன்னாகதான்" என்றார் அந்தோணிசாமி மெதுவாக. "வெளிய குடுக்காதீகன்னு சொன்னாக. நம்ம வீட்டு மாடு வெளியவா இருக்குன்னு நான்தான் பேசாம இருந்துட்டேன்."

அப்போதுதான் உள்ளே இருந்து அவர்கள் மகள் பிலோமினா வந்தாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தவள், ஏழு மாதம். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள்.

"அம்மா, எனக்குப் பருத்திப்பால் காச்சிக் குடுத்தியே. அது இந்தக் கொட்டதானா?"

மதுரைப் பக்கத்தில் பருத்திப்பால் குடிக்காதவர் குறைவு. பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுவார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தெம்பு என்று கொடுப்பதும் உண்டு.  செசிலி என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"நீங்க படிச்சவுக. இவ குடிச்சிருக்கா, மூணு தடவ. புள்ளைக்கு ஏதும் ஆகுமா, ஆகாதா? ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்வதற்கு என்னிடம் இருந்தது. வேறு நாட்டில் அந்த வகைப் பருத்தி விற்பனைக்கே வந்துவிட்டது, அங்கே மாடுகள் அதன் கொட்டையைத் தின்கின்றன என்று படித்திருந்தேன். புழுவின் குடலில் வேலை செய்யும் அந்தப் புரதம் நம் குடலில் அப்படி வேலை செய்யாது என்று வகுப்பில் பரீட்சையே எழுதியிருந்தேன். அதே சமயம், இங்கே சோதனை முடியவில்லை என்பதும் தெரியும். பிள்ளைத்தாய்ச்சி குடித்தால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

"தெரியாதும்மா" என்றேன்.

பிலோமினா உள்ளே போய்விட்டாள். அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்திருக்கிறாள். கடைசியாகக் குடித்து நாலு நாள் ஆகியிருந்தது.

மதியம் செடிகளைக் குவித்து எரித்தோம். காய்ந்த பருத்திமார் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். அந்த ஊரில் அது அடுப்புக்கு விறகு. எரிப்பதைப் பார்த்துப் பத்துப் பதினைந்து பேர் வந்து வரப்பில் நின்றார்கள். ஒரு கிழவர் மட்டும் "அடுப்புக்காவது குடுத்திருக்கலாம்" என்றார். மற்றவர்கள் செடி பிடுங்கிய இருவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் சொன்னது எனக்குக் கேட்டது: "அதத் தின்னாப் புழு சாகுதுல்ல? அதத்தான மாடு தின்னுருக்கு?" யாரும் பொய் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்ட இடத்தை அவர்களாக நிரப்பிக்கொண்டார்கள்.

வேர்கள் பாக்கி இருந்ததால் மறுநாளும் போக வேண்டியிருந்தது. முதல் டவுன் பஸ் 5.45க்கு. ஆறே முக்காலுக்கு ஊருக்குள் நுழைந்தபோது பால் சொசைட்டி வாசலில் கூட்டம். பால் அளக்கும் ராசு, செசிலியின் கேனை வாங்க மறுத்துவிட்டார். வீட்டில் கறந்த பாலை என்ன செய்வது என்று தெரியாமல் செசிலி கொண்டுவந்திருக்கிறார்.

"நான் என்னக்கா செய்ய? எல்லார் பாலும் ஒண்ணாக் கலந்து மதுரைக்குப் போகுது. நாளைக்கு ஒண்ணுன்னா என் தலதான் உருளும்" என்றார் ராசு. கெட்டவர் இல்லை. 

என்னைப் பார்த்ததும் கூட்டம் வழிவிட்டது. செசிலி என்னைப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை. "இந்தப் பாலால ஒண்ணும் ஆகாதுங்க" என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னேன். முந்தின நாள் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு நாள் கழித்துச் சொன்னேன்.

"நேத்துத் தெரியாதுன்னீகளாம்?" என்றார் ஒருவர். "இன்னைக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"அப்ப நீங்க குடிங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பக்கத்து டீக்கடையிலிருந்து டம்ளர் வந்தது. ராசு கேனிலிருந்து ஊற்றி நீட்டினார். பச்சைப் பால், நுரையோடு. டம்ளரை வாங்கிவிட்டேன். வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்னால் கை நின்றது. எத்தனை நேரம்? இரண்டு விநாடி, மூன்று விநாடி. பிறகு குடித்தேன். முழுவதும் குடித்தேன்.

பச்சைப் பால் குடித்துப் பழக்கமில்லை, அதனால்தான் தயங்கினேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிவந்தேன். அது பாதி உண்மையாக இருக்கலாம். ஆனால் அத்தனை பேரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த மூன்று விநாடியையும் பார்த்துவிட்டார்கள்.  கூட்டம் கலைந்தது. நான் திருப்பிக் கொடுத்த டம்ளரை டீக்கடைக்காரர் மற்ற டம்ளர்களோடு வைக்கவில்லை. கடைக்குப் பின்னால் குப்பைமேட்டில் எறிந்தார்.

செசிலி கேனைக் கவிழ்த்தார். செம்மண் அந்தப் பாலை உடனே குடித்துவிட்டது.

பத்து மணிக்கு வேர் எரித்து முடித்து, அந்தோணிசாமியிடம் கையெழுத்து வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மூட்டைகளைக் காரைக்குடியில் லாரி அலுவலகத்தில் போட்டுவிட்டு, மறுநாள் காலை 8.20க்கு மதுரை பஸ் ஏறினேன். மானகிரி தாண்டி ஏழெட்டு கிலோமீட்டரில், ரோட்டு ஓரமாக ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு திருப்பத்தூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். அந்தோணிசாமி. அன்று அங்கே சந்தை. ஜன்னலோரம்தான் இருந்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மேலாளர் என் அறிக்கையைப் படித்துவிட்டு, மாடு, பால், பிலோமினா இருந்த பத்தியை அடித்து 'எடை குறைவு: உதிர்வு' என்று எழுதினார். மே மாதம் வேலையை விட்டேன். உடனே விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் விட்டேன்.

ஆகஸ்டில் என் சொந்தக் காசில் மறுபடி போனேன். செசிலி மட்டும் இருந்தார். காரைக்குடியில் ஏதோ பழைய வீட்டை இடிக்கும் இடத்தில் சித்தாள் வேலை, ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தார். அந்தோணிசாமி திருப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டிருந்தார். மாட்டை அக்கம்பக்கத்தில் யாரும் வாங்கவில்லையாம். அடிமாட்டு விலைக்குத்தான் போனது, அடிமாடாகவே போனது.

பிலோமினாவைப் பற்றிக் கேட்கப் பயமாக இருந்தது. அவரே சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் அவளுக்கு வாந்தி. ஒன்பது நாள் ஒழுங்காகச் சாப்பிடாமல் மயங்கி விழுந்து, காரைக்குடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்து மாமியார் வீட்டார் வந்து, பெற்றவளே விஷம் கொடுத்தாளா என்று கேட்டு, கூட்டிப்போய்விட்டார்கள். பெண் குழந்தை பிறந்தது. ஒரு குறையும் இல்லை.

"நல்லா இருக்கு. கை, கால், கண்ணு, எல்லாம் நல்லா இருக்கு" என்றார் செசிலி. "நான் ஒரே ஒரு தடவதான் பாத்தேன். இங்குட்டு வரமாட்டேங்குறா. நான் எதும் பலகாரம் கொண்டுபோனாலும் வெளியவே வாங்கி வச்சிருறாக."

எனக்குக் கருப்பாகக் காப்பி போட்டுக் கொடுத்தார். பிறகு கேட்டார்.

"அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னீகளே. தெரிஞ்சே தெரியாதுன்னீகளா, நெசமாவே தெரியாதா?"

"ரெண்டும்தாம்மா. கொஞ்சம் தெரியும். முழுசாத் தெரியாது. அந்தக் கொஞ்சத்தைச் சொன்னா வேலை போயிரும்னு பயந்தேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"அந்தக் கொஞ்சத்தச் சொல்லியிருந்தாப் போதும்மா. அவ அன்னைக்குச் சோறு தின்னுருப்பா."

மரபணு மாற்றிய பயிர் வேண்டுமா வேண்டாமா என்று இங்கே பலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இன்றும் ஒரே வார்த்தையில் பதில் இல்லை. அந்தோணிசாமி மூன்று தடவை மட்டும் மருந்தடித்த வருடம் அது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் யார் நிலத்தில் அது வளர்ந்ததோ அவருக்கு அது என்ன என்று அவர் மொழியில் நாங்கள் சொல்லவில்லை. உலகத்துக்கே சோறு போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டு, ஒரு வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போட்டோம். விவசாயக் கல்லூரி மாணவர்கள் சிலர் இந்தத் தளத்தைப் படிக்கிறீர்கள். களத்துக்குப் போகும்போது விதிமுறைத் தாளைத் தமிழில் எழுதி எடுத்துப் போங்கள். 'வெளியே கொடுக்காதீர்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள். மாடு, ஆடு, கோழி, பருத்திப்பால், அடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததையும் அது எவ்வளவு என்று சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு: மதுரையிலிருந்து காரைக்குடிக்கு மேலூர், திருப்பத்தூர் வழியாக அடிக்கடி பஸ் உண்டு, இரண்டேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள கட்டணமெல்லாம் அந்தக் காலத்தது, நம்பிப் போகாதீர்கள். மானகிரிக்கு அதே சாலையில் இறங்கிக்கொள்ளலாம். பிப்ரவரிக்குப் பிறகு வெயில் கடுமை, உள்ளே இருக்கும் ஊர்களுக்கு நடப்பதானால் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும்.

அந்த ஊரின் பெயரை நான் எழுதவில்லை. பின்னூட்டத்திலும் கேட்காதீர்கள். செசிலி இப்போதும் அங்கேதான் இருக்கிறார். கேள்வி கேட்டுக்கொண்டு இன்னும் ஒரு ஆள் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம்.